அந்தோனியாருக்கு முன்கூட்டிச் சொன்ன நன்றி

செவ்வாய்க்கிழமைப் பின்னேரம். அந்தோனியார் கோயிலுக்குள் மெழுகுதிரிப் புகையும் வியர்வை மணமுமாக இருந்தது. மூப்பர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கையிலிருந்த துண்டுக் கடதாசியை வாசித்தார்.

"அற்புதரான அந்தோனியாரின் மன்றாட்டினால் மருத்துவ பீடப் பரீட்சையில் சித்தியடைந்த செல்வி ஜெசிந்தாவின் குடும்பத்தினர், இன்றைய பூசையை நன்றியாக ஒப்புக்கொடுக்கின்றனர்."

செல்வி ஜெசிந்தா நான்தான். அந்தப் பரீட்சையில் நான் பெயில்.

பக்கத்தில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முன் வாங்கில் இருந்த நாலு பெண்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களுக்கு அங்காலே ஐந்தாவதாக ஒரு முகம் திரும்பியது. அது சிரிக்கவில்லை.

கௌரி. என்னுடைய பட்ச். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அறிவித்தல் பலகைக்கு முன்னால் எனக்குப் பக்கத்தில் நின்றவள். தன் எண் இருந்ததையும் என் எண் இல்லாததையும் பார்த்தவள்.

நெல்லியடிச் சைவப் பிள்ளைக்கு அந்தோனியார் கோயிலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அவளுடைய தாய், மகள் பாஸ் பண்ணவேண்டும் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் கூரை போட்ட தெய்வம் ஒன்றையும் விடாமல் நேர்ந்திருந்தார். அந்தோனியாருக்கு ஆறு மெழுகுதிரி. அதைக் கொளுத்தத்தான் வந்திருந்தாள். வந்த இடத்தில் என் பொய்யைக் கேட்டுவிட்டாள்.

நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. பிளக்கவில்லை. பூசை முடியும்வரை முழந்தாளில் நின்றேன். அம்மா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சொல்

சண்டைக்குத் தப்பி எங்கள் ஊரான மயிலிட்டியில் இருந்து நாங்கள் ஓடிவந்ததைப் போன கிழமை எழுதியிருந்தேன். வந்து பருத்தித்துறையில் ஒரு தென்னங்காணிக்குள் இருபது குடும்பம் கொட்டில் போட்டு இருந்தோம். எல்லாம் மயிலிட்டிச் சனம். கடலுக்குப் போகத் தடை. அப்பா செய்வதற்கு ஒன்றுமில்லாமல், கிழியாத வலையை எடுத்துவைத்துப் பொத்திக்கொண்டு இருப்பார்.

றிசல்ட் பார்த்துவிட்டு நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோதும் அப்படித்தான் இருந்தார்.

"என்ன பிள்ளை, றிசல்ட் வந்திட்டுதாம்?"

"ஓம் அப்பா. பாஸ்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

அப்பாவைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன் என்று இப்போது எழுதிவிடலாம். படிக்கிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. எனக்கு வெட்கம். எங்கள் ஊரில் மருத்துவ பீடத்துக்குப் போன முதல் பெண் பிள்ளை நான். போன நாளில் இருந்தே சனம் என்னை டொக்டர் என்றுதான் கூப்பிடும். வயிற்று வலி, பல்லு வலி, மாட்டுக்குக் கழிச்சல் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வருவார்கள். அப்படிப்பட்ட நான் உடற்கூற்றியலில், அதுதான் அனற்றமியில், பெயில் என்று அந்தக் காணிக்குள் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

பொய் சொன்ன கையோடு ஒரு முடிவும் எடுத்திருந்தேன். மூன்று மாதத்தில் ரிப்பீட் பரீட்சை. அதிலும் பெயில் என்றால் எனக்குக் கீழே வந்த பட்ச்சோடு இறங்கவேண்டும், ஊருக்கும் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நானாகவே விலகிவிடுவது. இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு நடந்த கொட்டில் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை தேடிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது காரணம் சொல்லி அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். விலகுவதற்கு என்ன எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கேட்க, அந்தப் புதன்கிழமை கம்பஸுக்குப் போவதாக இருந்தேன்.

எலும்புக்கு ஒரு பூசை

அம்மா ஏன் இப்படி அவசரப்பட்டுப் பூசை கொடுத்தார் என்று நினைக்காதீர்கள். எங்கள் அம்மாவுக்கு எதற்கும் பூசைதான்.

முதல் வருடத்தில் ஒரு சீனியர் அக்கா தன்னுடைய எலும்புகளை எனக்குத் தந்தார். தன்னுடைய என்றால் அவர் படித்த எலும்புகள். பாதி எலும்புக்கூடு, ஒரு பிஸ்கற் ரின்னுக்குள். ஒரு பட்ச் படித்து முடித்தால் அடுத்த பட்ச்சுக்குக் கைமாறும். கொட்டிலுக்குள் கொண்டுவந்து திறந்ததும் அம்மா குருசு போட்டார்.

"இது ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"பொம்பிளை. இடுப்பெலும்பிலை தெரியும் அம்மா."

"வேதமோ சைவமோ?" வேதம் என்றால் எங்கள் ஊரில் கிறிஸ்தவம்.

"எலும்பிலை அது தெரியாது."

அம்மா யோசித்தார். அடுத்த ஞாயிறு, பெயர் அறியாத ஒரு ஆத்துமத்துக்காக என்று சொல்லி ஒரு பூசை கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த ரின்னை எங்கள் பாய்க்குப் பக்கத்தில் வைக்க விட்டார். முகம் தெரியாத எலும்புக்கே இவ்வளவு என்றால் மகளின் பாஸுக்குச் சும்மா இருப்பாரா?

நெல்லியடிச் சந்தி

பருத்தித்துறையில் இருந்து கம்பஸுக்கு ஏறக்குறைய இருபது கட்டை, அதாவது இருபது மைல். பெற்றோல் இல்லாத காலம். பஸ்ஸை நம்ப முடியாது. மருத்துவம் படிக்கிறவரும் மரக்கறி விற்கிறவரும் ஒரே றோட்டில் சைக்கிள்தான். நெல்லியடிச் சந்தியைத் தாண்டாமல் எனக்கு வழியில்லை.

சந்தியில் கௌரி சைக்கிளோடு நின்றாள். நான் காணாத மாதிரி மிதித்தேன். அவள் ஏறி என் பக்கத்தில் வந்துவிட்டாள். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் பெரிதாகக் கதைத்ததில்லை. அவள் தோட்டமும் கிணறும் உள்ள வீட்டுப் பிள்ளை, நான் கடற்கரைப் பிள்ளை. கதைத்தாலும் நீர், வாரும் என்று மரியாதையோடுதான்.

"ஆருக்கும் சொன்னனீரோ?" என்று எரிந்து விழுந்தேன்.

"என்னத்தை?"

"நேற்றுக் கோயிலிலை கேட்டதை."

"நான் மெழுகுதிரி கொளுத்த வந்தனான். கொளுத்திப்போட்டுப் போனனான்."

பிறகு, "ரிப்பீட் வகுப்பு அடுத்த கிழமைதானே. இண்டைக்கு ஏன் போறீர்?" என்று கேட்டாள்.

"விலகப் போறன்."

"பேப்பர் பிழைச்சதோ?"

"பேப்பர் நல்லாத்தான் செய்தனான். விவாதான்."

விவா என்றால் வாய்மொழிப் பரீட்சை. பரீட்சகர் மேசைக்கு அந்தப் பக்கம். எலும்பும் நாங்களும் இந்தப் பக்கம். கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில். நான் ஏ.எல். வரைக்கும் தமிழில் படித்தவள். எழுதுகிற ஆங்கிலத்தை எப்படியோ பிடித்துவிட்டேன். பேசுகிற ஆங்கிலம் தொண்டையில் நின்றுவிடும்.

"என்ன கேட்டவர்?" கௌரி விடவில்லை.

"காறையெலும்பைத் தந்து எந்தப் பக்கத்து எலும்பு எண்டு கேட்டவர். லெஃப்ட் எண்டன்."

"சரிதானே. அண்டைக்கு மேசையிலை கிடந்தது லெஃப்ட்தான்."

"பிறகு 'ஆர் யூ ஷுவர்' எண்டு கேட்டார்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"நோ சேர் எண்டன். றைட் எண்டு மாத்திச் சொன்னன்."

கௌரி சைக்கிளை நிறுத்திவிட்டாள். "எல்லாக் கேள்விக்கும் அப்பிடித்தானோ?"

"அவர் எல்லாக் கேள்விக்கும் திருப்பிக் கேட்டவர். நானும் எல்லாத்தையும் மாத்திச் சொன்னனான்."

அவள் பக்கத்தில் இருந்த மதகில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மதகுக்குள் அவளைத் தள்ளியிருப்பேன்.

"சிரிக்கிறதெண்டால் நான் போறன்."

"இல்லையடி. அந்தாள் எல்லாரையும் அப்பிடித்தான் கேக்கிறது. என்னையும் நாலு தரம் கேட்டது. நாலு தரமும் 'யெஸ் சேர், ஷுவர்' எண்டன். அதிலை ஒண்டு பிழை."

'நீர்' போய் 'அடி' வந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் எங்கள் வீடுகளில் பெரியவர் ஒருவர் ஒன்றையே இரண்டாம் தரம் கேட்டால் அதற்கு ஒரு பொருள்தான்: நீ பிழை, மரியாதையாக மாற்றிக்கொள். வள்ளத்தில் முதலாளியான சம்மாட்டியார் "உந்தப் பக்கமோ?" என்று திருப்பிக் கேட்டால், இளம் பெடியன் தான் கண்ட மீன் கூட்டத்தையே காணவில்லை என்று சொல்லிவிடுவான். நான் பரீட்சகருக்கு மரியாதை கொடுத்தேன். அவர் எனக்குப் புள்ளி கொடுக்கவில்லை.

"விலகிறதை மூண்டு மாசம் கழிச்சு விலகலாம். இப்ப ஏறு," என்றாள் கௌரி.

வல்லைக் காற்று

அடுத்த நாளில் இருந்து நெல்லியடிச் சந்தியில் காலை ஆறு மணிக்குப் பாடம் தொடங்கும். கொட்டிலில் விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. எனக்குப் படிப்பதற்குப் பகலும் சைக்கிளும்தான் இருந்தன. கௌரி அதற்குள் ஆஸ்பத்திரி வார்ட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பின்னேரம் அவளுக்கு நேரத்தோடு வேலை முடிந்தாலும் எனக்காக நிற்பாள். ஏன் நிற்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "தனியச் சைக்கிள் ஓட அலுப்பாக் கிடக்கு," என்றாள். அதற்குமேல் அவளிடம் ஒன்றும் பிடுங்க முடியாது.

சந்தியைத் தாண்டினால் ஆங்கிலம் மட்டும். அவள் கேட்பாள், நான் சொல்வேன். என்ன சொன்னாலும் அவள் "ஆர் யூ ஷுவர்?" என்பாள். நரம்பைப் பற்றி மட்டுமில்லை. இன்று வியாழக்கிழமையா? ஆர் யூ ஷுவர்? உன் பெயர் ஜெசிந்தாவா? ஆர் யூ ஷுவர்? முதல் நாட்களில் என் பெயரிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

வல்லை வெளி வந்ததும் சோளகக் காற்று முகத்தில் அறையும். ஒரு மரம் இல்லாத வெட்டை அது. ஹெலி வந்து சுட்டால் ஒதுங்க இடமில்லை என்பதால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதிப்பார்கள். பக்கத்தில் வருகிறவளுக்குக் கேட்கவேண்டும் என்றால் கத்தத்தான் வேண்டும். நான் கத்தினேன். அங்கே என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்கக் காற்றைத் தவிர ஒருவரும் இல்லை. தொண்டையில் நின்றதெல்லாம் மெல்ல மெல்ல வெளியே வரத் தொடங்கியது.

"ஆர் யூ ஷுவர்?" அவள் கத்துவாள்.

"யெஸ், ஐ ஆம் ஷுவர்," நான் அதைவிடக் கத்துவேன்.

ஒருநாள் விறகு கட்டிய சைக்கிளில் எதிரே வந்த ஒரு முதியவர் இறங்கி நின்றுவிட்டார். "பிள்ளையள், படிச்ச பிள்ளையள் மாதிரிக் கிடக்கு. றோட்டிலை நிண்டு சண்டை பிடிக்கலாமோ?" என்று கவலையோடு கேட்டார். கௌரி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். இரண்டு கட்டை தாண்டும்வரை நாங்கள் சிரித்துக்கொண்டே போனோம். பெயிலான பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

செபமாலையில் ஒரு நோயாளி

படிப்பு ஏற ஏற வீட்டில் பொய்யும் ஏறியது.

நான் பாஸ் என்றால் நானும் வார்ட்டுக்குப் போகவேண்டுமே. அம்மா தன்னுடைய வெள்ளைச் சீலை ஒன்றை வெட்டி, கையாலேயே எனக்கு ஒரு வெள்ளைக் கோட் தைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவேன். மடிப்புக் குலையாமல் திரும்பக் கொண்டுவருவேன். பொழுதுபட அப்பா கேட்பார், "இண்டைக்கு ஆரைப் பாத்தனீ?"

ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அச்சுவேலியில் இருந்து ஒரு வயசான மனுசி, காலில் ஆறாத புண், பெயர் சின்னம்மா. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் அப்பா, "சின்னம்மாவுக்கு எப்பிடி?" என்றார். பரவாயில்லை என்றேன். அதற்கடுத்த நாள், அவவுக்குப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்களா என்று அம்மா கேட்டார். ஒரு மகன் கனடாவில் என்று சொல்லிவைத்தேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரிப்பீட்டுக்கு இரண்டு கிழமை இருந்தது. பொழுதுபட நாங்கள் செபமாலை சொல்வோம். செபமாலையின் கடைசிப் பகுதியான ஐந்தாம் காரணிக்கம் முடிந்ததும் அம்மா, "காலிலை புண்ணோடை தனியக் கிடக்கிற சின்னம்மாவுக்காகவும் ஒரு பரலோக மந்திரம்," என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, கைகூப்பித் தொடங்கினார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அப்பிடி ஒரு மனுசி இல்லை," என்றேன்.

"செத்துப்போட்டாவோ?" அம்மா பதறிவிட்டார்.

"இல்லை அம்மா. இருக்கவே இல்லை. நான் வார்ட்டுக்கே போகேல்லை. நான் பெயில்."

மூன்று பேரும் முழந்தாளிலேயே இருந்தோம். அப்பாவின் கையில் செபமாலை அப்படியே நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப இவ்வளவு நாளும் இதைத் தனிய வைச்சுக்கொண்டோ திரிஞ்சனீ?" என்றார்.

"கௌரிக்குத் தெரியும் அப்பா. அவதான் சொல்லித் தாறவ."

"அந்த நெல்லியடிப் பிள்ளையோ?" அப்பா செபமாலையைக் கீழே வைத்தார். "வேறை ஆக்களின்ரை பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குத் தெரியேல்லை," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மாவின் கவலை வேறாக இருந்தது. "அப்ப அந்தோனியாருக்கு நன்றி சொன்னது?"

அம்மாவே ஒரு முடிவுக்கு வந்தார். "குடுத்த பூசை குடுத்ததுதான். அவருக்கு முன்கூட்டிச் சொல்லியாச்சு. இனி அவர் பாத்துக்கொள்ளுவார். நீ படி." பிறகு குரலைத் தாழ்த்தி, "வளவுக்குள்ளை ஒருத்தருக்கும் மூச்சு விடாதை," என்றார்.

ஆர் செத்தது?

ரிப்பீட் விவாவில் அதே பரீட்சகர். நல்ல மனுசர்தான்; அதையும் அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு முதுகெலும்பைத் தந்தார். சொன்னேன். "ஆர் யூ ஷுவர்?" என்றார். "யெஸ் சேர்," என்றேன். என் குரல் வல்லை வெளிக்கு ஏற்ற மாதிரி வந்திருக்கவேண்டும். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். தெரியாத ஒன்றைக் கேட்டபோது தெரியாது என்றேன். அதையும் உரத்துத்தான் சொன்னேன்.

றிசல்ட் போட்ட அன்று கௌரி வார்ட்டில் இருந்து ஓடிவந்து எனக்கு முதலே பலகையைப் பார்த்துவிட்டாள். என் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினாள். பின்னேரம் நெல்லியடிச் சந்தியில் அவள் திரும்பவில்லை. பருத்தித்துறை வரைக்கும் என்னோடு வந்தாள்.

தென்னங்காணிக்குள் சனம் நிறைந்திருந்தது. கிணற்றடியில் பெண்கள் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நான் எப்போதோ பாஸ். அப்பா கொட்டில் வாசலில் காத்துக்கொண்டு நின்றார். வாய்விட்டுக் கேட்க முடியாது. என் முகத்தைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அப்பா அப்படியே மண்ணில் குந்திவிட்டார். சால்வையை வாயில் பொத்திக்கொண்டு விம்மினார். சத்தம் கேட்டு உள்ளே இருந்து வந்த அம்மா, அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரும் தொடங்கிவிட்டார். பிறகு நானும்.

அந்த நாட்களில் ஒரு கொட்டிலில் அழுகைச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்கும். கிணற்றடியில் வாளியைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள்.

"ஆர் செத்தது?"

"எங்கை? ஷெல்லடியோ?"

அடுத்த கொட்டில் மரியம்மா அக்கா ஒன்றும் கேட்காமலே அம்மாவைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கியிருந்தார்.

"ஒருத்தரும் சாகேல்லை," என்றார் அப்பா.

"அப்ப ஏன் அழுகிறியள்?"

என்ன சொல்வது? மகள் பாஸ் என்று சொல்ல முடியாது. அதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே கோயிலில் நன்றி சொல்லியாயிற்று. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிவரப் பார்த்தார்.

"மயிலிட்டி ஞாபகம் வந்திட்டுது," என்றார்.

பிறகு மரியம்மா அக்கா எங்கள் வாசலில் உட்கார்ந்தார். "நான் குசினிக் கதவைச் சாத்தாமல் வந்தனான்," என்றார். "நாய் உள்ளுக்கை போயிருக்கும்." இன்னொருவர், கொடியில் காயப்போட்ட பிள்ளையின் சட்டையை எடுக்காமல் வந்ததைச் சொன்னார். இன்னொருவர், கல்லறையில் இருக்கிற தன் தாய்க்கு இரண்டு வருடமாக ஒரு மெழுகுதிரி வைக்க முடியாததைச் சொன்னார். வந்த நாளில் இருந்து அந்தச் சனம் அரிசிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்றதே தவிர, ஒன்றாக இருந்து அழுததில்லை. அன்றைக்கு அழுதார்கள். ஆண்களும் வந்து இருந்தார்கள். பொழுது படும்வரை அந்த வளவு அழுதது.

நடுவில் நான் இருந்தேன். அப்பா என் கையைப் பிடித்தபடி இருந்தார். விரல் நோகிற அளவுக்குப் பிடித்திருந்தார். மயிலிட்டியை ஒருநாளும் கண்டிராத கௌரி, சைக்கிளைச் சாத்தாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்று கண்ணைத் துடைத்தாள்.

அத்தனை பேரில் சந்தோஷத்தில் அழுதது நாங்கள் நாலு பேர். அதை அந்த வளவில் ஒருவருக்கும் நாங்கள் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.